முதலில் சிம், பிறகு போன்: வரிசை மாறியதில் போன இருபத்து மூன்று நாட்கள்

ஐபோனா, ஆண்ட்ராய்டா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கேமரா, பேட்டரி, திரை, சிப் என்று ஒப்பீடுகளாகப் பார்த்துத் தள்ளினேன். எந்த நெட்வொர்க் என்ற கேள்விக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினேன். இருபத்து மூன்று நாட்கள் போயின. புதுப் போனின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போனது. முன்கூட்டியே கட்டி, பயன்படுத்தாமலே விட்ட ஒரு மாதக் கட்டணமும் போனது. பணத்தைவிட அதிகம் வலித்தது வேறொன்று. பேச்சு அறுந்தால் குற்றவாளி போனா, சிம்மா, டவரா, செட்டிங்ஸா என்று சொல்லவே முடியவில்லை. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் சந்தேகம் ஒன்றின்மேல்தான் விழுந்திருக்கும். இரண்டை மாற்றியதால் எல்லார்மேலும் விழுந்தது. யாராவது முன்னாலேயே காதைத் திருகிச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அதற்குத்தான் இது.

தொடக்கம் சாதாரணமானது. வீட்டுக்குள் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது, சில நாள் அறுந்தே போனது. கையிலிருந்தது நான்கு வருடப் பழைய ஐபோன். போனுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த இடத்தில் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று செய்திருந்தால் பாதிக் கதை மிச்சம். அதே சிம்மை எடுத்து வீட்டில் இருக்கும் வேறொரு போனில் போட்டு, அதே மூலையில் நின்று பேசிப் பார்க்க வேண்டும். அதிலும் அறுந்தால் போன்மேல் குற்றமில்லை. பிறகு வேறு நெட்வொர்க் சிம் ஒன்றைக் கடன் வாங்கி உங்கள் போனில் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் தெளிவாகக் கேட்டால் வழக்கு முடிந்தது.

இந்தச் சோதனையைச் செய்யும்போது திரையின் மேலே தெரியும் கோடுகளை நம்பக் கூடாது. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்று ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. 2010 ஜூலையில், கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு, பல நேரம் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டது என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. பார்க்க வேண்டியது எண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்தினால் சோதனைத் திரை திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைத் தேடுங்கள், டவரிலிருந்து வரும் சிக்னலின் வலிமை அதுதான். எல்லாமே கழித்தல் எண்கள், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -85 இருந்தால் கவலையே இல்லை. -100 வரை நன்றாக ஓடும். -110 தாண்டினால் தடுமாறும். -120-க்குப் பக்கத்தில் போனால் பேச்சு அறுவது நிச்சயம். -100-க்கும் -110-க்கும் வித்தியாசம் பத்துதானே என்று நினைக்காதீர்கள். அது மடக்கைக் கணக்கு, பத்து டெசிபல் இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று பொருள்.

எண் நன்றாக இருந்தும் இணையம் நத்தை மாதிரி ஊர்ந்தால் அது வேறு நோய்: டவரில் கூட்டம். சிக்னல் என்பது சாலையின் அகலம், கூட்டம் என்பது அதில் ஓடும் வண்டிகள். காலை பத்து மணிக்கு வேகம் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பது, நள்ளிரவில் சாலையைப் பார்த்துவிட்டு நெரிசல் இல்லை என்று சொல்வதற்குச் சமம். இரவு எட்டிலிருந்து பத்துக்குள் ஒரு முறை, நீங்கள் வேலை செய்யும் இடத்தில் மதியம் ஒரு முறை, பயணத்தில் ஒரு முறை பாருங்கள். இறங்கும் வேகத்தோடு ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். வீடியோ அழைப்பில் முகம் உறைவதற்குப் பெரும்பாலும் ஏறும் வேகம்தான் காரணம். சொந்த டவர் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் டவரை வாடகைக்கு எடுத்து நடத்தும் நெட்வொர்க்குகள் பல நாடுகளில் உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் கூட்டம் சேரும்போது டவரின் சொந்த வாடிக்கையாளருக்கு முதல் வழி, இவர்களுக்கு அடுத்த வழி என்ற ஏற்பாடு சிலவற்றில் இருக்கும். டவர் ஒன்றுதானே, வேகமும் ஒன்றுதான் என்று நம்பிவிடக் கூடாது.

நான் இதில் எதையும் பார்க்காமல் நேராகப் போன் வாங்கப் போனேன். விலை குறைவாகக் கிடைத்தது என்று வேறொரு சந்தைக்காகத் தயாரான ஆண்ட்ராய்டு போனை எடுத்தேன். பெட்டியில் அதே பெயர், அதே நிறம், அதே கேமரா. உள்ளே ரேடியோ மட்டும் வேறு. ஒரே பெயரில் விற்கும் போன் பிராந்தியத்துக்கு ஒரு மாடல் எண்ணாக இருக்கும் என்பதும், ஒவ்வொரு மாடலும் பிடிக்கும் அலைவரிசைப் பட்டியல் வேறு வேறு என்பதும் அப்போது எனக்குக் கேள்விப்பட்ட செய்தி, அனுபவமில்லாத செய்தி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். 4ஜி அலைவரிசைகளுக்கு எண் உண்டு. பேண்ட் 28 என்றால் 700 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 20 என்றால் 800, பேண்ட் 5 என்றால் 850, பேண்ட் 8 என்றால் 900, பேண்ட் 3 என்றால் 1800, பேண்ட் 1 என்றால் 2100, பேண்ட் 40 என்றால் 2300, பேண்ட் 7 என்றால் 2600. 5ஜியில் எண்ணுக்கு முன்னால் என் என்ற எழுத்து சேரும். உலகில் பரவலாக ஓடும் என்78 ஏறக்குறைய 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை. மெகாஹெர்ட்ஸ் எண் சிறியதான தாழ் அலைகள் (பேண்ட் எண் அல்ல) தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும், ஆனால் வேகம் குறைவு. உயர் அலைகள் வேகத்தை அள்ளித் தரும், ஆனால் ஒரு கான்கிரீட் சுவர், உலோகப் பூச்சுள்ள ஒரு ஜன்னல் கண்ணாடி போதும், சோர்ந்துவிடும். அதனால் நெட்வொர்க்குகள் இரண்டையும் கலந்து வைத்திருக்கும். வெளியே உயர் அலை, வீட்டுக்குள்ளும் ஊருக்கு வெளியிலும் தாழ் அலை. என் பழைய நெட்வொர்க் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் 700-ஐத்தான் நம்பியிருந்தது. நான் வாங்கிய மாடலில் பேண்ட் 28 கிடையாது. வாசலில் நின்றால் கோடு நிறைய, கதவைத் தாண்டினால் சுத்தம். பழைய போனில் விட்டுவிட்டாவது கேட்டது. புதியதில் வீட்டுக்குள் அழைப்பே வரவில்லை. பணம் கொடுத்து வியாதியை வளர்த்துக்கொண்ட கதை.

ஆக, போன் வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. உங்கள் நெட்வொர்க் எந்த எந்தப் பேண்டில் ஓடுகிறது என்பதை எழுதி வையுங்கள், முக்கியமாக 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை. பிறகு போனின் பெயரை விட்டுவிட்டு மாடல் எண்ணைப் பாருங்கள். ஐபோனில் ஏ என்ற எழுத்தோடு நான்கு இலக்கம் இருக்கும். மற்றவற்றில் பெட்டியின் பின்புறமோ செட்டிங்ஸிலோ அச்சாகியிருக்கும், பலவற்றில் கடைசி ஓரிரு எழுத்துகள்தான் பிராந்தியத்தைச் சொல்லும். தயாரிப்பாளர் வெளியிட்ட விவரப் பட்டியலில் அந்த மாடல் எண்ணுக்கு நேரே உள்ள பேண்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தாழ் அலையில் ஒன்று விடுபட்டாலும் அந்தப் போன் உங்களுக்கு வேண்டாம். உயர் அலையில் ஒன்று விடுபட்டால் வேகம் குறையும், பிழைத்துக்கொள்ளலாம். 5ஜி என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கு இதில் எந்த மதிப்பும் இல்லை.

இப்போது நான் செய்த அடுத்த முட்டாள்தனம். போன் புதிது, ஆகவே குற்றம் நெட்வொர்க் மீது என்று தீர்ப்பெழுதி, எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு வேறு நெட்வொர்க்குக்கு மாறினேன். டேட்டா பறந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் அவர்களுடைய 1800 வலுவாக இருந்தது. ஒரு நாள் சந்தோஷப்பட்டேன். மறுநாள் கவனித்தேன்: யாராவது அழைத்தால் மணி அடிக்கவே நேரம் பிடிக்கிறது, பேசும்போது இணையம் நின்றுவிடுகிறது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. காரணம் வோல்ட்டி, அதாவது பேச்சையும் 4ஜி வழியாகவே அனுப்பும் முறை. இது இல்லாவிட்டால் அழைப்பு வரும் ஒவ்வொரு முறையும் போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்க வேண்டும். அந்த நெட்வொர்க் 3ஜியை ஏற்கெனவே மூடிவிட்டது. 2ஜி இழுத்துக்கொண்டிருந்தது. என் போனுக்கு வோல்ட்டி தெரியும்தான், செட்டிங்ஸில் பொத்தானும் இருந்தது. ஆனால் பல நெட்வொர்க்குகள் தாங்கள் சோதித்து ஏற்றுக்கொண்ட மாடல்களுக்கு மட்டுமே வோல்ட்டியைத் திறந்துவிடுகின்றன. வேறு சந்தைக்கான மாடல் அந்தப் பட்டியலில் இல்லை. உதவி மையத்தில் மூன்று பேர் மூன்று நாளில் மூன்று முறை போனை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள்.

இது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் பெரிய நெட்வொர்க்குகள் 2022-இல் 3ஜியை மூடின, ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் கடைசியில் மூடத் தொடங்கின. ஆஸ்திரேலியாவில் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. சாதாரண அழைப்புக்கு வோல்ட்டி பயன்படுத்தும் சில போன்கள் அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடும்படி அமைந்திருந்தன. அத்தகைய போன்களை நெட்வொர்க்குகள் சேவையிலிருந்தே விலக்க வேண்டியிருந்தது. 4ஜி போன்தானே, எங்கும் ஓடும் என்ற நம்பிக்கை அங்கே பலருக்கு உடைந்தது.

வோல்ட்டி உண்மையில் ஓடுகிறதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு யாரையாவது அழையுங்கள். பேசும்போதே திரையின் மேலே பாருங்கள். 4ஜி அல்லது எல்டிஇ என்று இருந்தது எச் (3ஜி) அல்லது இ (2ஜி) என்று மாறினால் வோல்ட்டி இல்லை. பேசிக்கொண்டே ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து பார்ப்பது இன்னொரு சோதனை. பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்தால் வரும் திரையின் மெனுவில் ஐஎம்எஸ் நிலை இருக்கும், வோல்ட்டி ஓடுவது இந்தச் சேவையின் மேல்தான். பதிவாகியிருக்கிறது என்று அது சொல்ல வேண்டும். இதைப் போனைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், உங்கள் சொந்த சிம்மைப் போட்டுச் செய்ய வேண்டும். நான் செய்தது கெடு முடிந்து ஐந்தாம் நாள்.

நெட்வொர்க் மாறிய நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இரண்டு தவறுகளும் மோதிக்கொண்டது அன்றுதான். எண் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரத்தில் பழைய சிம் செத்துவிடும், புதிய சிம் உயிர் பெறச் சில மணி நேரம் ஆகலாம். உயிர் வந்த பிறகும், மற்ற நெட்வொர்க்குகளின் வழிகாட்டிப் பட்டியல்கள் புதுப்பிக்கப்படும்வரை வெளியே போகும் அழைப்பு போகும், உள்ளே வருவது வராது. குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்து சேரும். அதாவது ஓடிபி வராது. புதுப் போனில் எந்தச் செயலியைத் திறந்தாலும் அது முதலில் கேட்பதோ ஓடிபி. மின்னஞ்சலுக்குள் போக ஓடிபி, வங்கிக்குள் போக ஓடிபி, வாட்ஸ்அப்புக்கு ஓடிபி. பழைய போனை அழித்துவிட்டிருந்தால் நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்க உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. ஒன்றரை நாள் அந்த நிலையில் இருந்தேன். பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் எண் மாற்றத்துக்கு முன் சில வேலைகள். முக்கியக் கணக்குகளின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸிலிருந்து குறியீடு உருவாக்கும் செயலிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கணக்கும் தரும் காப்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதுங்கள், போனில் படமெடுத்து வைக்காதீர்கள். போன்தானே மாறப் போகிறது. குறியீட்டுச் செயலியைப் புதுப் போனுக்கு நகர்த்துவதும் தனி வேலை. கூகுள் ஆதென்டிகேட்டரில் கணக்குகளை க்யூஆர் படமாக ஏற்றுமதி செய்யலாம். 2023 ஏப்ரலிலிருந்து கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதியும் வந்துவிட்டது, ஆனால் அது இயங்குகிறதா என்று பாருங்கள். புதுப் போனில் குறியீடு வருகிறது, அதை வைத்து ஒரு கணக்கில் உள்ளே போக முடிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பழையதில் அழிக்க வேண்டும். பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்யவே கூடாது. ரத்தான எண்ணை மாற்ற முடியாது, மாற்றம் முடிந்தால் பழையது தானாக மூடும். பாக்கிக் கட்டணமோ போன் தவணையோ இருந்தால் மாற்றமும் சிக்கலாம், போனின் நெட்வொர்க் பூட்டும் திறக்காமல் போகலாம். வார நாள் காலையில் தொடங்குங்கள், சிக்கினால் பேச ஆள் இருப்பார்கள். எண் வந்து பேச்சு ஓடியும் டேட்டா மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஏபிஎன் அமைப்பு, அதாவது டேட்டா எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் பெயர். புதிய நெட்வொர்க் சொல்லும் பெயரை எழுத்துப் பிசகாமல் உள்ளிட்டுவிட்டுப் போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கும் சிம், பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வசதிதான், ஆனால் சோதனைக் காலத்துக்கு உகந்ததல்ல. பிளாஸ்டிக் சிம்மை ஊசியால் குத்தி எடுத்து இன்னொரு போனில் போட அரை நிமிடம். இ-சிம்மை ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலும் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவே, நகர்த்துவது நெட்வொர்க்கின் தயவைப் பொறுத்தது. க்யூஆர் குறியீடு பல இடங்களில் ஒரே முறைதான் செல்லும். இறக்க இணையம் வேண்டும். போனை மொத்தமாக அழிக்கும்போது இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்கும், அங்கே அவசரத்தில் தலையாட்டிவிடாதீர்கள். என் யோசனை: இரண்டு சிம் போடும் போன் கையிலிருந்தால், மாற நினைக்கும் நெட்வொர்க்கின் மிகக் குறைந்த முன்கட்டண சிம் ஒன்றை வாங்கி இரண்டாம் இடத்தில் போட்டு ஒரு வாரம் சுற்றுங்கள். எண்ணை மாற்ற வேண்டாம், எதையும் ரத்து செய்ய வேண்டாம். அந்த ஒரு வாரச் செலவு நான் இழந்ததில் நூறில் ஒரு பங்குகூட வராது.

இப்போது ஐபோனா ஆண்ட்ராய்டா. இரண்டும் இன்று நல்ல நிலையில்தான் இருக்கின்றன, எதை எடுத்தாலும் வேலை நடக்கும். எது சிறந்தது என்பதைவிட எது உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று கேட்பது பயன். கையில் ஆப்பிள் வாட்ச் இருந்தால் ஆண்ட்ராய்டோடு அது சேராது, அந்தப் பணம் முழுவதும் போச்சு என்று கணக்கில் எழுதுங்கள். எதிர்ப்பக்கமும் அதே கதைதான், சாம்சங் 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் ஐபோனுக்கான ஆதரவை விட்டுவிட்டது. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு வராது. மாதச் சந்தா பெரும்பாலும் வரும், ஆனால் எந்தக் கடை வழியாகக் கட்டினீர்களோ அங்கே போய்த்தான் ரத்து செய்ய முடியும். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. நான் இதைப் பத்து நாள் கழித்து அட்டைக் கணக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஐபோனை விட்டு வருகிறவர்கள் சிம்மைக் கழற்றும் முன் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் மற்றவர்கள் அனுப்பும் செய்தி உங்கள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும், உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸாக வராது. மறந்துவிட்டால், எண்ணை விலக்கிக்கொள்ள ஆப்பிளின் வலைப்பக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கும் எஸ்எம்எஸ்ஸில் குறியீடு வரும், எண் நடுவழியில் இருந்தால் அதுவும் வராது. படங்களுக்கு, ஐகிளவுடில் உள்ளவற்றின் நகலைக் கூகுள் போட்டோஸுக்கு அனுப்பும் கோரிக்கையை ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் கொடுக்கலாம். மூன்று முதல் ஏழு நாள் ஆகும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி போதுமா என்று முன்னாலேயே பாருங்கள், நடுவில் நிரம்பினால் மிச்சம் வராது. ஹெல்த் செயலியின் பதிவுகள் தாமாக வராது. கடவுச்சொற்களை மேக் கணினியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுக்கலாம், ஆனால் அது பூட்டில்லாத வெறும் எழுத்துக் கோப்பு. ஏற்றி முடித்த கையோடு குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள்.

வாட்ஸ்அப் தனி அத்தியாயம். ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்கில் கிடக்கும், ஐபோனில் ஐகிளவுடில் கிடக்கும். ஒன்றின் பேக்கப்பை இன்னொன்று திறக்காது. தினமும் பேக்கப் ஆகிறது, பயமில்லை என்று இருந்தால் ஏமாந்துபோவீர்கள். நேரடியாகக் கை மாற்றித்தான் கொடுக்க வேண்டும். ஐபோனிலிருந்து வரும்போது கேபிளால் இரண்டு போனையும் இணைத்து, ஐபோனில் வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸுக்குள் சாட்ஸ் பகுதியில் ஆண்ட்ராய்டுக்கு நகர்த்தும் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய ஐபோனாக இருந்தால் ஒரு முனை லைட்னிங், மறு முனை யுஎஸ்பி-சி உள்ள கேபிள் வேண்டும். இதற்கு உகந்த நேரம் புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாக அமைக்கும் நேரம். அமைத்து முடித்து, வாட்ஸ்அப்பையும் வெறுமையாகத் தொடங்கி, நாலு பேரோடு பேசிவிட்டுப் பழையதைத் தேடினால், போனை மறுபடி துடைத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். எண் மாற்றத்தையும் போன் மாற்றத்தையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள் என்று நான் கத்துவதற்கு இதுவே போதுமான காரணம்.

எதிர்த் திசையில், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு மூவ் டு ஐஓஎஸ் என்ற செயலி. இதையும் புது ஐபோனின் தொடக்க அமைப்பிலேயே செய்வதுதான் சுலபம். பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ஐபோன் உருவாக்கும் தற்காலிக வைஃபையில் இணையம் கிடையாது, ஆண்ட்ராய்டு போன் இது உதவாது என்று மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆகவே டேட்டாவை அணையுங்கள், இரண்டையும் சார்ஜரில் போடுங்கள், செயலியைத் திரையிலிருந்து விலக்காதீர்கள், நடுவில் அழைப்பு எடுக்காதீர்கள். படம் நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஓடும்.

ஆண்ட்ராய்டுக்கு வந்த முதல் வாரத்தில் செய்திகள் தாமதமாக வந்தால் நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் பேட்டரி செட்டிங்ஸைப் பாருங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைச் சில நிறுவனங்களின் போன்கள் இரக்கமில்லாமல் கொன்றுவிடும். அலாரம், வங்கி, வாட்ஸ்அப், வேலைச் செயலி ஆகியவற்றுக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினால் சரியாகும். தமிழில் நிறைய எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டுக்கு வந்தால் அதன் தமிழ் விசைப்பலகையோ ஒலிபெயர்ப்போ, விரல் பழக இரண்டு வாரம் பிடிக்கும். பழைய போன் கற்றுவைத்த சொற்களும் கூட வராது.

கடைசியில் அந்தப் போனை மூன்றில் ஒரு பங்கு நஷ்டத்துக்கு விற்றேன். வேறு சந்தைக்கான மாடல் என்பதால் கேட்டவர்கள் எல்லாரும் விலையைக் குறைத்தார்கள். அடுத்ததை வாங்கும்போது பேண்டு, நெட்வொர்க்கின் வோல்ட்டிப் பட்டியல், மூன்றாவதாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடம் என்று பார்த்தேன். கூகுள் 2023-இல் வந்த பிக்சல் 8 முதலும், சாம்சங் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24 முதலும் உயர்வகைப் போன்களுக்கு ஏழு வருடம் என்று அறிவித்தன. அந்த ஏழு வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. இரண்டு வருடம் பழகிய மாடலைத் தள்ளுபடியில் எடுத்தால் ஐந்துதான் மிச்சம். விலையை மிச்சமுள்ள வருடங்களால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது பல நேரம் மலிவாக இருக்காது.

இவ்வளவும் முடிந்து, பழைய ஐபோனை விற்பதற்காகத் துடைக்க எடுத்தபோதுதான் செட்டிங்ஸில் வைஃபை அழைப்பு என்ற பொத்தான் அணைந்தே கிடப்பதைப் பார்த்தேன். டவர் எட்டாத வீட்டுக்குள் பேச்சை வீட்டு வைஃபை வழியாகவே அனுப்பும் வசதி. என் பழைய நெட்வொர்க் அதை அனுமதித்தே வந்திருக்கிறது. நான்கு வருடமாக அணைந்தே கிடந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உங்கள் வீட்டில் பேச்சு அறுந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள், போனையே விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து அழைத்தால் ஓடுகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

பழைய போனைத் துடைப்பதை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். வங்கி, மின்னஞ்சல், வரி, காப்பீடு என்று மாதத்துக்கு ஒரு முறை திறக்கும் கணக்குகள் அதற்குள் ஒரு சுற்று வந்துவிடும். எதாவது ஒன்று பழைய போனைத்தான் கேட்கும். பிறகு ஐபோனாக இருந்தால், தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி அழியுங்கள். ஆண்ட்ராய்டாக இருந்தால் செட்டிங்ஸுக்குள் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு அழியுங்கள். இந்த வரிசை தவறினால் போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். வாங்கியவர் அன்றிரவே உங்களைக் கூப்பிடுவார்.